புகைபோக்கியார் முன்வாசல் வழியாகப் போனார்

இந்த நகரத்தில் மொத்தம் எத்தனை சாப்பாட்டுக்கடை இருக்கிறது என்று நகராட்சியைக் கேட்டால் நாலு ஃபைலைப் புரட்டிவிட்டு நாளைக்கு வா என்பார்கள். நம்ம புகைபோக்கியாரைக் கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அத்தனை கடையின் புகைக்கூண்டுக்குள்ளும் அவர் தலை போய் வந்திருக்கிறது. அடுப்புக்கு மேலே கவிழ்த்த தொட்டி மாதிரி தொங்குமே, அதைச் சுரண்டிக் கழுவி, அதிலிருந்து கூரைக்குப் போகிற குழாயைத் துடைத்து, கூரைமேல் சுற்றுகிற ஃபேனுக்கு எண்ணெய் விட்டுக் கீழே இறங்குவதுதான் அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அவர் இதுவரை சுரண்டி எடுத்த பிசுக்கை ஒரே இடத்தில் கொட்டினால் சின்னதாக ஒரு மலை வந்துவிடும், அதன்மேல் பேருந்து விடலாம்.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது இப்போது ரேஷன் அட்டைக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் புகைபோக்கியார்.

காலை ஆறு மணிக்குப் பின்வாசல் வழியாக நுழைவார். அடுப்பு பற்றவைப்பதற்குள், பத்து மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டு, அதே பின்வாசல் வழியாக வெளியேறுவார். இடையில் யாராவது ஒரு டம்ளர் டீ கொடுப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் மூக்கு இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? சுரண்டுகிற பிசுக்கை விரலில் தேய்த்து முகர்ந்தால் போதும், போன மாதம் முழுக்க அந்த அடுப்பில் என்ன வெந்தது என்று ஜாதகம் மாதிரி சொல்லிவிடுவார். சீனக்கடைக் கூண்டு தார் பூசியது மாதிரி கறுப்பாக இருக்கும், உள்ளே எள்ளெண்ணெய் மணக்கும். தாய்லாந்துக் கடைக் கூண்டுக்குள் தலையை விட்டால் மிளகாய் நெடியில் பதினேழு தும்மல் வரும், பதினெட்டாவது பாதியில் நிற்கும். வியட்நாம் கடைக் கூண்டோ கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருக்கும். சுரண்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. அதனால் அந்தக் கடைக்காரர்மேல் அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

இத்தனை கடையிலும் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ராத்திரி வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அன்றைக்கு முகர்ந்த கடையைப் பற்றிக் கதை சொல்லுவார். வீட்டம்மா துணி வெளுக்கும் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் கோட்டிலும் சட்டையிலும் இருக்கிற கறையையும் நாற்றத்தையும் எடுப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒருநாள் அவள், ஒரு சூப்பின் மணத்தைப் பற்றி அவர் அரைமணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டுக் கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்தாள்.

"என்னங்க, நான் ஆக்கின சோத்தைத் தின்னுக்கிட்டு ஊரான் வீட்டு சூப்பை வர்ணிக்கறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"இல்லம்மா, அந்த வாசனை..."

"வாசனை வாசனைன்னா? ஊர்ல இருக்கற அத்தனை ஹோட்டல் கூரை மேலயும் ஏறி இறங்கறீங்க. ஒருநாளாவது மேசையில உக்காந்துருக்கீங்களா? என்னைத்தான் உக்கார வச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்வியில் ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஞாயிறு மத்தியானம், வாரத்துக்கு ஒரு கடை, முன்வாசல் வழியாக. சேதி தெரிந்ததும் வீட்டம்மாவின் தம்பி, டாக்சி ஓட்டுகிறவன், குளித்துத் தலை சீவி வந்து நின்றான். "வண்டி நான் ஓட்டறேன் மாமா, மெனுவை நீங்க ஓட்டுங்க. நமக்குள்ள என்ன." அவன் வயிற்றுக்கு அடிப்பாகம் கிடையாது என்று அவன் அக்காவே சொல்லுவாள்.

முதல் வாரம் சீனக்கடை. மூங்கில் கூடையில் ஆவி பறக்கப் பறக்கக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று வந்தது. உள்ளே சூப்பு இருக்கும், ஓரத்தில் லேசாகக் கடித்து உறிஞ்ச வேண்டும் என்று பரிமாறிய பெண் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் ஒன்றை முழுசாக வாயில் போட்டுவிட்டான். அதன்பிறகு அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்து மேசையில் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள், கடை ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மூன்றாம் வாரம் கொரியாக் கடை. அங்கேதான் வினை. மேசைக்கு நடுவிலேயே அடுப்பு, நாமே இறைச்சியை வாட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மேசைக்கு மேலும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு புகைக்குழாய் தொங்கியது. புகைபோக்கியாருக்குக் கை பரபரத்தது. குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிற மாதிரி குழாயின் வாயை ஒரு திருகு திருகினார். உள்ளேயிருந்து ஒரு பிடி கரி, மேசையிலிருந்த மொத்த இறைச்சியின்மேலும் பொலபொலவென்று கொட்டியது. மச்சான் அதை மிளகுத்தூள் என்று நினைத்து இரண்டு துண்டு சாப்பிட்டும்விட்டான்.

அன்றைக்கு வீட்டம்மா சட்டம் போட்டாள். "இனிமே சாப்பிடப் போற இடத்துல கழுத்தை மேல தூக்கக் கூடாது. கூரையைப் பாத்தீங்க, அடுத்த வாரம் நானும் தம்பியும் மட்டும்தான் போவோம்."

எந்தக் கடைக்குப் போனாலும் அவள் தீர்ப்பு ஒன்றுதான்: "பரவாயில்ல." அதைச் சொல்லிவிட்டு முந்தானையை மூக்கில் வைத்துப் பார்ப்பாள். முகம் கோணும். "ஆறு நாள் ஊரான் துணியில இருக்கற வாடையை எடுக்கறேன். ஏழாவது நாள் என் துணியில நானே ஏத்திக்கிட்டு வரேன்" என்று வீட்டுக்கு வந்ததும் புடவையைக் கொடியில் உதறிப் போடுவாள். நாற்பது ஞாயிறு, நாற்பது கடை, நாற்பது "பரவாயில்ல". புகைபோக்கியார் அசரவில்லை. அவர் மனசில் ஒரு கடையை ஒளித்து வைத்திருந்தார்.

அது ஒரு ராமென் கடை, ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ் சூப்பு. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், இரண்டு டாக்சியை ஒட்டி நிறுத்தினால் மறைந்துபோகிற அகலம். ஒரே ஒரு நீளப் பலகை, அதன் முன் பதினொரு முக்காலி. பலகைக்கு அந்தப்பக்கம் சமையல்காரர் எல்லோருக்கும் முன்னாலேயே நின்று சமைப்பார். அண்டா மாதிரி மூன்று பானை. அதில் கோழி எலும்பு முதல்நாளிலிருந்து கொதித்துக் கொதித்துப் பால் மாதிரி வெளுத்த சூப்பாகியிருக்கும். அந்தச் சமையல்காரர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல்வலிக்காரர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி சிரிப்பாள். பரிமாறுவது, துடைப்பது, கிண்ணம் எடுப்பது எல்லாம் அவள்தான்.

சாப்பாடு எப்படி இருந்தது என்று அவர் யாரையும் கேட்க மாட்டார். யாராவது வாயால் புகழ்ந்தாலும் காதில் வாங்க மாட்டார். திரும்பி வருகிற கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பார். சூப்பு சொட்டில்லாமல் காலியாக இருந்தால் "ம்" என்று ஒரு சத்தம். மிச்சமிருந்தால் சத்தம் இல்லை. பானையில் கரண்டி விட்டு ருசி பார்ப்பார். பெரிய பெரிய அதிகாரியெல்லாம் அந்த ஒரு "ம்" வாங்குவதற்காகக் கழுத்துப்பட்டை நனைய நனையக் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பார்களாம். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூண்டைக் கழுவுகிற புகைபோக்கியாருக்கு அந்தக் குழாயின் மணம் சொந்த வீட்டு மணம் மாதிரி. இங்கே வந்தால் வீட்டம்மா "பரவாயில்ல" சொல்ல முடியாது என்று அவருக்கு உறுதி. அதனால் கல்யாண நாளுக்கென்று அதை நிறுத்தி வைத்திருந்தார். அந்த வருஷம் கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. வீட்டம்மா புதுப்புடவை எடுத்தாள், மயில்கழுத்து நிறத்தில்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை அந்தக் கடையில் கூண்டு கழுவுகிற முறை. மனுஷன் அன்றைக்குக் கூண்டைக் கழுவவில்லை, குளிப்பாட்டினார். பல்துலக்கும் பிரஷ் வைத்து மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தார். கூரைக்கு ஏறி ஃபேனுக்கு எண்ணெய் விட்டார். அப்போதுதான் புடவை ஞாபகம் வந்தது. புதுப்புடவையில் வாடை ஏறினால் ராமென் தேவாமிர்தமாகவே இருந்தாலும் அவள் முகம் கோணுமே? ஃபேன் மோட்டாரில் பெல்ட் ஓடுகிற புல்லி இருக்கிறது, அது இரண்டு பாதியாக இருக்கும். இறுக்கினால் ஃபேன் வேகமாகச் சுற்றும், தளர்த்தினால் மெதுவாக. ஸ்பேனரை வைத்து இரண்டு சுற்று இறுக்கினார். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. கீழே வந்து சுவிட்சைப் போட்டு, ஒரு காகிதத்தைக் கூண்டுக்கடியில் காட்டினார். காகிதம் கையைப் பிய்த்துக்கொண்டு பறந்துபோய் மேலே ஒட்டிக்கொண்டது. "வாடையா? ஈ பறந்தாக்கூட உள்ள இழுத்துடும்!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

ஞாயிறு வந்தது. பன்னிரண்டு மணிக்கு டாக்சி சந்து முனையில் நின்றது. மற்ற நாளில் வரிசை மீன் மார்க்கெட் வரைக்கும் நிற்கும். அன்றைக்கு வாசலில் நாலே பேர். "பாத்தீங்களா மாமா, உங்க கல்யாண நாளுக்காக ஊரே வழி விட்டிருக்கு" என்றான் மச்சான். பத்தே நிமிஷத்தில் மூன்று முக்காலி கிடைத்தது. புகைபோக்கியார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கழுத்தில் கட்டுப்போட்டவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சமையல்காரரின் மனைவி வந்தாள். சிரிப்பைக் காணோம்.

"வாங்கண்ணே. நீங்க ஒருநாள் இந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடணும்னு எத்தனை வருஷமா சொல்றேன். வந்ததுதான் வந்தீங்க, இன்னிக்கா வரணும்?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

அவள் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாளா கிண்ணமெல்லாம் பாதி பாதியா திரும்பி வருதுண்ணே. எலும்பு மாத்திப் பாத்தாச்சு, தண்ணி மாத்தியாச்சு, நூடுல்ஸ்காரரையே மாத்தியாச்சு. ருசி ஏற மாட்டேங்குது. 'என் நாக்கு போயிடுச்சு, இனிமே ஊரை ஏமாத்தக் கூடாது'ங்கறாரு. இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள ஒரு கிண்ணமாவது காலியா வந்தா சரியாம். வரலன்னா அடுப்பை நிறுத்திட்டு கடையை மூடிடுவாராம். அவரு சொன்னா சொன்னதுதான், உங்களுக்கே தெரியும்."

புகைபோக்கியார் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷக் கடை. மச்சான் மட்டும் தோளை உருட்டிக்கொண்டான். "ஒரு கிண்ணம்தானேங்க? என்கிட்ட விடுங்க. கிண்ணத்தையும் சேத்துத் தின்னுடறேன்."

"கடனேன்னு வயித்துல கொட்டறதுக்கும் ருசிச்சுக் குடிக்கறதுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியும்பா" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மூன்று கிண்ணம் வந்தது. நூடுல்ஸ், மேலே கோழித்துண்டு, பாதியாக வெட்டிய முட்டை, வெங்காயத்தாள். பார்வைக்குக் கோயில் சிலை மாதிரி. புகைபோக்கியார் ஒரு வாய் குடித்தார். அவர் மூக்கு பன்னிரண்டு வருஷமாகக் கட்டி வைத்திருந்த கோட்டை மடமடவென்று சரிந்தது. சூப்பு நீர்த்துப்போய், வெறுமையாக இருந்தது. வீட்டம்மா மூன்றாவது வாய் குடித்துவிட்டு நிறுத்தினாள்.

"என்னங்க, இப்பதானே கொண்டுவந்து வச்சாங்க? அதுக்குள்ள ஆறிப்போச்சே. மேல ஏடு கட்டுது பாருங்க."

அப்போதுதான் அவர் கவனித்தார். பலகைமேல் இருந்த துடைக்கிற காகிதம், யாரும் தொடாமலே, அடுப்புப் பக்கமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. கிண்ணத்திலிருந்து கிளம்பிய ஆவி மேலே போகவில்லை. மூக்குக்கு வராமல் வளைந்து அடுப்புப் பக்கம் ஓடியது. வாசல் கதவிடுக்கு வழியாகக் காற்று விசில் அடித்துக்கொண்டு வந்து எல்லோர் முதுகிலும் பட்டு, கிண்ணத்தின்மேல் தடவிக்கொண்டு போனது. வீட்டம்மாவின் முந்தானை சமையல்காரரை நோக்கிக் கொடி மாதிரி படபடத்தது.

அவள் அதை இழுத்துப் பிடித்து, பழக்கதோஷத்தில் மூக்கில் வைத்தாள். முகம் மலர்ந்தது. "அட! வாடையே இல்லங்க! நாப்பது கடைக்குப் போயிருக்கோம், இங்கதான் துணியில ஒரு பொட்டு வாடை ஏறல!"

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன ஒரே பாராட்டு. அதைக் கேட்டு ஒரு மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது என்றால் அது புகைபோக்கியாருக்குத்தான். மெதுவாகப் பானைக்கு அடியில் பார்த்தார். நெருப்பு நேராக நிற்கவில்லை. காற்று இழுக்கிற இழுப்பில் ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டு பானையின் விலாவை நக்கிக்கொண்டிருந்தது. பானை ஒரு ஓரத்தில் மட்டும் பொளுக் பொளுக்கென்று கொதித்தது. புரட்டிப்புரட்டிக் கொதிக்க வேண்டிய எலும்பு பாதி தூக்கத்தில் கிடந்தது. வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாளாக!

"மச்சான்," என்றார் உதடு அசையாமல். "இந்தக் கடையைக் கொன்னது நான்தான்."

"என்ன மாமா சொல்றீங்க?"

சொன்னார். மச்சான் நூடுல்ஸ் தொங்குகிற வாயோடு கேட்டான். பிறகு காதோரம் வந்தான். "இதுக்கு ஏன் மாமா அழுவுற மாதிரி மூஞ்சி? பின்னால ஏணி இருக்குல்ல? சத்தம் காட்டாம ஏறுங்க, ரெண்டு திருகு திருகுங்க, இறங்குங்க. சூப்பு சரியாயிடும். அவரும் தன் நாக்கு திரும்பி வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுவாரு. உங்க தொழிலும் கெடாது. எல்லாருக்கும் சுபம்."

"ஃபேன் ஓடறப்ப கையை விட்டா சுபம் இல்லடா, அஞ்சு விரல் போயிடும். முதல்ல சுவிட்சை நிறுத்தணும்."

"நிறுத்துங்க."

"சுவிட்சு எங்க இருக்கு பாரு."

சுவிட்சு சமையல்காரரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த முதுகைத் தாண்டாமல் அதைத் தொட வழியில்லை. இந்தச் சேதி வெளியே போனால் என்ன ஆகும் என்று புகைபோக்கியாருக்குத் தெரியும். சமையல்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவார்கள். கேட்காமலே ஃபேனை மாற்றி ஒரு கடையைக் கவிழ்த்த ஆளை நாளைக்கு எந்தப் பின்வாசலும் உள்ளே விடாது. அதே நேரத்தில் இரண்டு கிண்ணம் திரும்பிப் போனது. இரண்டிலும் பாதிக்குமேல் சூப்பு. சமையல்காரர் எட்டிப் பார்த்தார். சத்தமில்லை. இந்தத்தடவை கரண்டியைக்கூட எடுக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியின் முடிச்சில் கை வைத்தார்.

புகைபோக்கியார் முக்காலி பின்னால் விழ எழுந்தார்.

"ஐயா! முடிச்சை அவுக்காதீங்க! உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகல. நாக்கு கல்லு மாதிரி இருக்கு. தப்பு நான் பண்ணது!"

கடையே திரும்பியது. சமையல்காரர் மட்டும் திரும்பவில்லை, ஏற்கனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை ஃபேனை ரெண்டு சுத்து இறுக்கி வச்சுட்டேன். அது இழுக்கற இழுப்புல உங்க நெருப்பு படுத்துக்கிச்சு. பானை கொதிக்கல. மணத்தைப் பூரா மேல இழுத்துட்டுப் போவுது. கிண்ணத்தை ஆத்துது. அடியில பாருங்க, நெருப்பைப் பாருங்க!"

சமையல்காரர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இறுக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"இல்லீங்க."

"என் வீட்டுக்காரி கேட்டாளா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"எங்க வீட்டம்மா புதுப்புடவைக்காகங்க. வாடை ஏறிடக் கூடாதுன்னு."

எல்லாத் தலையும் மயில்கழுத்து நிறப் புடவையின் பக்கம் திரும்பியது. "ஐயோ, என்னை எதுக்கு இதுல இழுக்கறீங்க!" என்று வீட்டம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு கிழவர் முக்காலியிலிருந்து எட்டி, "நல்ல புடவைதான்" என்று சாட்சி சொன்னார்.

சமையல்காரர் கையைப் பின்னால் நீட்டிச் சுவிட்சைத் தட்டினார். கூரைமேல் ஓடிக்கொண்டிருந்த உறுமல் மெதுவாக அடங்கியது. அடங்கியவுடன், பானைக்கடியில் படுத்திருந்த நெருப்பு எழுந்து நின்றது.

"ஏறு" என்றார் சமையல்காரர்.

அதன்பிறகு நடந்தது கல்யாண வீட்டில் பந்தி முந்துகிற கலவரம். மச்சான் டாக்சிக்கு ஓடி டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தான். புகைபோக்கியார் இஸ்திரி போட்ட சட்டையோடு பின்வாசல் ஏணியில் ஏறினார். கீழே மச்சான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டான். அவனுக்கு வேலை, நெருப்பு எப்படி நிற்கிறது என்று மேலே சொல்வது.

கடைக்குள் ஆவி நிரம்பியது. பதினொரு முக்காலியும் மறைந்தது. பக்கத்தில் இருப்பவர் சொந்தக்காரரா அந்நியரா தெரியவில்லை. மூன்று பானையும் பொங்கிப் புரண்டு கொதிக்க, எலும்பும் இஞ்சியும் பூண்டும் சேர்ந்த அந்த மணம் சுவரில் மோதித் திரும்பி, கதவைத் திறந்துகொண்டு சந்துக்குள் பாய்ந்தது. வாசலில் நின்ற நாலுபேர் நாற்பதானார்கள். மீன் மார்க்கெட்டில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் மீனை விட்டுவிட்டு மூக்கு இழுத்த பக்கம் வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தள்ளாதீங்க! வரிசையா நில்லுங்க! உள்ள இடம் இருக்கா இல்லையான்னே தெரியல, தெரிஞ்சதும் சொல்றேன்!" என்று வாசலில் ஒரு குரல் அதட்டியது. பார்த்தால் நம் வீட்டம்மா. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, சமையல்காரர் மனைவியோடு சேர்ந்து கூட்டத்தைக் கட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள். ஆவியில் புடவை நனைந்து கையோடு ஒட்டியிருந்தது. அதை முகர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை.

மேலே புல்லி அடம்பிடித்தது. வியாழக்கிழமை அத்தனை ஆசையாக இறுக்கியிருந்தாரே! எண்ணெயில் ஸ்பேனர் வழுக்கி முட்டியில் இடித்தது. சட்டை கரியானது, மூக்கு கரியானது. ஒரு சுற்று தளர்த்தினார். "மச்சான், சுவிட்சைப் போடச் சொல்லு!"

"போட்டாச்சு மாமா! நெருப்பு சாயுது! குடிச்சவன் மாதிரி சாயுது!"

"நிறுத்து!" இன்னும் அரைச் சுற்று. "இப்ப?"

"இப்ப கொஞ்சமா குடிச்சவன் மாதிரி!"

"நிறுத்து!" கடைசி அரைச் சுற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். "இப்பப் பாரு!"

புகைபோக்கியார் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டார். பிறகு மச்சான் கத்திய கத்தல் ஃபோன் இல்லாமலே கூரைக்குக் கேட்டது. "நிக்குது மாமா! நிமிந்து நிக்குது! போலீஸ்காரன் மாதிரி நிக்குது!"

ஆவி மெதுவாக மேலேறியது. கடை தெளிந்தது. ஆனால் சமையல்காரர் யாருக்கும் ஊற்றவில்லை. கடிகாரம் ஒன்றேகாலைத் தொட்டது. நாற்பது பேர் வாசலில் தவிக்க, அவர் கையைக் கட்டிக்கொண்டு பானையையே பார்த்து நின்றார். எலும்பு புரண்டு புரண்டு கொதித்தது. தண்ணீராக இருந்தது மங்கலாகி, மங்கல் வெளுத்து, வெளுத்தது பாலாகத் திரண்டது. இரண்டு மணிக்குக் கரண்டியை விட்டு ருசி பார்த்தார். முகத்தில் பல்வலி அப்படியே இருந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றி, வாசலில் நின்ற வீட்டம்மாவைக் கையால் அழைத்தார்.

"புடவைக்காரம்மா. நீங்க குடிங்க."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். ஒரு வாய். இன்னொரு வாய். நூடுல்ஸை எடுத்தாள். தம்பி ஏதோ கேட்டான், இடது கையால் அவன் முகத்தைத் தள்ளிவிட்டாள். பிறகு குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு விடாமல் குடித்தாள். மேல் உதட்டில் வெள்ளை மீசையோடு கிண்ணத்தை வைத்தாள்.

"பரவாயில்லையா அக்கா?" என்றான் மச்சான்.

"வாயை மூடுடா. இன்னொண்ணு சொல்லு."

சமையல்காரர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"ம்" என்றார்.

சந்தே ஆர்ப்பரித்தது. ஏதோ உலகக்கோப்பை ஜெயித்த மாதிரி ஒருத்தர் தொப்பியைத் தூக்கிப் போட்டார், அது கூண்டுக்குப் போகவில்லை, ஒழுங்காகக் கீழே விழுந்தது. பதினொரு கிண்ணம் வரிசையாக நிரம்பியது, வரிசையாகக் காலியானது. "ம். ம். ம்." பன்னிரண்டு வருஷத்தில் அவர் மொத்தமாகச் சொன்ன "ம்" எண்ணிக்கையை அந்த ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும்.

புகைபோக்கியார் இறங்கி வந்து பின்வாசலிலேயே நின்றார். முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளை. உள்ளே வரத் தைரியமில்லை.

"அங்க என்ன பண்றே?" என்றார் சமையல்காரர் திரும்பாமலே.

"கை கழுவலாம்னு... அப்புறம் ஐயா, நான் செஞ்சதுக்கு இனிமே நீங்க வேற ஆளை..."

"சுத்தி முன்னால வா. சாப்பிட வந்தவன் முன்னாலதான் வரணும்."

சந்தைச் சுற்றிக்கொண்டு, வரிசையில் நின்றவர்கள் கரி படாமல் ஒதுங்கி வழிவிட, முன்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்தார். வீட்டம்மா தன் பக்கத்து முக்காலியைத் தட்டினாள். அவர் தயங்கினார். "உன் புடவைம்மா, கரி ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். வெளுக்கத் தெரிஞ்சவதானே நான். உக்காருங்க முதல்ல, ஆறிடப் போவுது."

கிண்ணம் வந்தது. ஆவி நேராக முகத்துக்கு ஏறியது. முதல் வாய் உள்ளே போனதும் புகைபோக்கியாருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. குழாயில் ஒட்டியிருந்த வாசனையை வைத்து இத்தனை வருஷமாக அவர் அளந்து வைத்திருந்ததெல்லாம் நிழல். இது ஆள். சமையல்காரர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நகரவேயில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் நின்றார். கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தார்.

"ம்" என்றார். பிறகு இடுப்புத்துணியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எலும்புக்காரருக்கு ஃபோன் பண்ணு. நாளைக்கு எப்பவும் போடறதுக்கு மேல பத்து கிலோ சேத்துப் போடச் சொல்லு."

அவள் ஃபோனை எடுத்தாள். சிரிப்பு காது வரைக்கும் வந்திருந்தது. "பத்து போதுமா?"

சமையல்காரர் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார். அது மீன் மார்க்கெட்டைத் தாண்டி வளைந்திருந்தது.

"இருபது" என்றார்.